வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு அரசு திறக்க வேண்டிய வகுப்பறை

ஓஆர்எஸ் கரைசலில் ஒரு லிட்டருக்குச் சோடியம் எத்தனை மில்லிமோல்? 75. குளுக்கோஸ்? அதுவும் 75. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவில் பதிவுபெறக் காத்திருக்கும் எந்தப் பட்டதாரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த இரண்டு எண்களும் வந்துவிழும். இரண்டும் ஏன் ஒரே அளவில் இருக்கின்றன என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பலரும் நின்றுவிடுகிறார்கள். ஒரு மருத்துவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது கேள்விக்கான விடை. அதைக் கற்றுக்கொள்ள இந்தப் பிள்ளைகளுக்கு நாம் இடமே கொடுக்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான், இப்போது பொழிச்சலூர்வாசி. விமான நிலையத்துக்கு மேற்கே, பம்மலையும் அனகாபுத்தூரையும் ஒட்டிய இந்த ஊரில், கடன் வாங்கி வீடு கட்டிய நடுத்தரக் குடும்பங்கள் நிறைய. நீட் தேர்வில் அரசு இடம் கிடைக்காமல், உள்ளூர்த் தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கும் வழியில்லாமல், பிள்ளைகளை ஜார்ஜியாவுக்கும் கிர்கிஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அனுப்பியவர்களில் இவர்களும் உண்டு. ஆறு ஆண்டுகள் கழித்துப் பட்டத்தோடு திரும்பிய பிள்ளை, மாடியறையில் கைபேசியில் காணொளிப் பாடம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. வட திருநள்ளாறு என்று பேர்பெற்ற எங்கள் ஊர் அகத்தீஸ்வரர் கோயிலில், சனிக்கிழமை விளக்கேற்றும் வரிசையில் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களைப் பார்க்கிறேன். “டாக்டருக்குப் படிச்சு முடிச்சிட்டு வந்துட்டான் சார். இன்னும் பரீட்சை, பரீட்சைன்னே இருக்கான்” என்றார் ஒரு தாய். அது என்ன பரீட்சை என்பதே பல வீடுகளில் பெற்றோருக்குத் தெரியவில்லை.

2001இல் இந்திய மருத்துவக் குழுமச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற இந்தியர்கள் இங்கே பதிவுபெற வேண்டுமானால் ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றானது. 2002 முதல் நடந்துவரும் அந்தத் தேர்வுதான் எஃப்எம்ஜிஇ. டெல்லியிலுள்ள தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. ஒரே நாளில் 300 கேள்விகள்; இரண்டு பகுதிகள், பகுதிக்கு 150 நிமிடம். 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இவ்வளவு இருந்தும் பெரும்பாலான தேர்வுகளில் தேறுபவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து முப்பது பேருக்குள்தான். 2023 ஜூன் தேர்வில் பத்தில் ஒருவர் மட்டுமே தேறினார்.

இந்த 300இல் சரியாக 100 மதிப்பெண் அடிப்படை மருத்துவ அறிவியலுக்கு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றுக்கும் தலா 17. நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் தலா 13. தடயவியல் மருத்துவம் 10. என்னிடம் சந்தேகம் கேட்க வருபவர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த நூறில்தான். “எல்லாம் படிச்சதுதான் சார். ஸ்கிரீன்ல கேள்வியைப் பாத்தா, எங்க படிச்சோம்னே ஞாபகம் வரமாட்டேங்குது” என்று ஒரு பையன் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை.

சோம்பேறிகள், காசு கொடுத்துப் பட்டம் வாங்கியவர்கள் என்று இவர்களைப் பற்றிப் பேசுபவர்களை நான் எதிர்க்கிறேன். தரமில்லாத கல்லூரிகள் வெளிநாடுகளில் இருக்கின்றன, ஆசை காட்டி அனுப்பிவைக்கும் முகவர்கள் இங்கே இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால், கணக்கைப் பாருங்கள். உடற்கூறியலை இவர்கள் படித்தது 18, 19 வயதில். தேர்வெழுதுவது 24 வயதுக்குப் பிறகு. நடுவில் கொரோனா வந்தது. சீனப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்திருந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறைக்குத் திரும்ப முடியாமல் வீட்டிலிருந்தே படித்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. அங்கிருந்து உயிர் தப்பி வந்த தமிழக மாணவர்கள் பலர் வந்திறங்கியது எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் இதே மீனம்பாக்கத்தில்தான். உடற்கூறியல் கூடத்து மேசைக்கருகே நின்று, தமனி எது, நரம்பு எது என்று விரலால் தொட்டு அறிய வேண்டிய பருவத்தை இவர்களில் பலர் கணினித் திரை முன்பு கழித்தார்கள். இங்கேயே எம்பிபிஎஸ் படித்தவரும் முதலாண்டுப் பாடத்தை மறக்கத்தான் செய்கிறார். பதிவு பெறுவதற்காக அவரை யாரும் மறுபடி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மறந்ததை மீட்க இவர்களுக்குக் கிடைப்பது என்ன? ஒரு பாடத்தை ஓரிரு நாளில் ஓட்டிமுடிக்கும் ‘ரேபிட் ரிவிஷன்’ காணொளிகள். முதலெழுத்துகளைக் கோத்த நிமோனிக்குகள். போன தேர்வில் வந்ததாகச் சொல்லப்படும் ‘ரீகால்’ கேள்விகள். நகரத்தின் மறுகோடியிலோ டெல்லியிலோ பயிற்சி மையம், விடுதி, அதற்கு இன்னொரு கடன். இவை எல்லாமே எண்களையும் பெயர்களையும் தனித்தனியாக மூளைக்குள் திணிக்கின்றன. காரணத்தோடு கட்டப்படாத தகவல் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். தேர்வறையில் உதிர்ந்தால் ஒரு மதிப்பெண் போகும். அவசர சிகிச்சைப் பிரிவில் உதிர்ந்தால் என்ன போகும் என்பதற்கு, அந்த ஓஆர்எஸ் எண்களையே எடுத்துக்கொள்ளலாம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்குடன் பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சிலர் இறந்தார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததா இல்லையா என்ற வாதம் நாள்கணக்கில் நடந்தது. அப்படியொரு இரவில் பணியிலிருக்கும் இளம் மருத்துவருக்கு உடலியங்கியல் என்ன சொல்லித்தர வேண்டும்? காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நச்சு குடல் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருளைப் பெருக்கி, குளோரைடு வாயிலைத் திறந்துவிடுகிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே கொட்டுகின்றன. ஆனால், அதே குடலில் இன்னொரு வாயிலை அந்த நச்சு தொடுவதே இல்லை. சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே நுழையும் வாயில் அது. உப்பை மட்டும் கொடுத்தால் பேதியோடு போய்விடும். கூடவே சர்க்கரை இருந்தால் உப்பு உள்ளே வரும், அதன் பின்னால் தண்ணீர் வரும். நோய் எவ்வளவு முற்றியிருந்தாலும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

இந்தச் சோடியம்–குளுக்கோஸ் கூட்டுப் பயணத்தை 1960இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் முன்வைத்தபோது, அது ஆய்வகத்துக்குள் அடங்கிய செய்தி. 1971இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மஹலானபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதை நெருங்கிய இறப்பு நான்குக்குக் கீழே இறங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978இல் ‘லான்செட்’ இதழ் எழுதியது. பின்னர் 2002இல் உலக சுகாதார நிறுவனம் பழைய கலவையைத் திருத்தியது. சோடியம் 90 ஆகவும் குளுக்கோஸ் 111 ஆகவும் இருந்ததைக் குறைத்து, இரண்டையும் 75 ஆக்கி, மொத்தச் செறிவை 311இலிருந்து 245க்கு இறக்கியது. அதிகச் செறிவுள்ள கரைசல் தண்ணீரைக் குடலுக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். இந்தக் கதையோடு படித்தவருக்கு 75 என்ற எண் மறக்காது. இன்னொன்றும் தெரிந்திருக்கும்: இனிப்பாக இருக்கட்டும் என்று ஒரு தாய் கரைசலில் கூடுதல் சர்க்கரை போட்டால் ஏன் பேதி கூடுகிறது என்பதை அவரால் அந்தத் தாய்க்குச் சொல்ல முடியும்.

இன்னொரு கேள்வியும் எல்லாக் கையேட்டிலும் இருக்கும்: ஐசோநியாசிட் மாத்திரையோடு எந்த வைட்டமின் கொடுக்க வேண்டும்? விடை, பி6. பொழிச்சலூரிலிருந்து சிறிது தூரத்தில் தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து என்ற மருத்துவர் 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை, ரயில் நிலையத்துக்கே பெயராகிவிட்டது. நல்ல காற்றும் ஓய்வும் சத்தான உணவுமே மருந்து என்று நம்பிய காலம் அது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும் மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானதை அந்த மையம் 1959இல் உலகுக்குக் காட்டியது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கால் எரிகிறது, மரத்துப்போகிறது என்று சொன்ன நோயாளிகளைக் கவனித்து, ஐசோநியாசிட்டின் நரம்புப் பாதிப்பை பி வைட்டமின் தடுக்கிறது என்பதை உறுதிசெய்த ஆய்வுகளிலும் அதே மையத்துக்குப் பங்குண்டு. இந்த மருந்தைக் கல்லீரல் வேகமாகச் சிதைப்பவர்கள், மெதுவாகச் சிதைப்பவர்கள் என்று மனிதர்கள் இரு வகை. மெதுவாகச் சிதைப்பவரின் உடலில் மருந்து அதிக நேரம் தங்கும். நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பும் அவருக்கே கூடுதல். தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த வகை. உயிர்வேதியியல், மரபியல், மருந்தியல் மூன்றும் ஒரு நோயாளியின் எரிகிற பாதத்தில் வந்து சேர்கின்றன. நம் ஊரில் கண்டறிந்த உண்மையை நம் பிள்ளைகள் ஒற்றை வரி மனப்பாடமாக எழுதிவிட்டுப் போவது எனக்கு வேதனை தருகிறது.

பாம்புக்கடியிலும் அப்படித்தான். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, விடியற்காலையில் இமை மட்டும் தொங்கும். அதன் நஞ்சு நரம்பு முனையையே அழிக்கிறது. நாகத்தின் நஞ்சு தசைப் பக்கத்தில் வந்து அடைக்கிறது. அதனால்தான் நியோஸ்டிக்மின் ஊசி நாகக் கடிக்கு உதவும் அளவு கட்டுவிரியன் கடிக்கு உதவுவதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து அனகாபுத்தூர்ப் பக்கமெல்லாம் வெள்ளக்காடானதே, அப்படி வெள்ளத்தில் நடந்தவர் சில நாள் கழித்துக் காய்ச்சலும் மஞ்சள் கண்ணுமாக வந்தால், கல்லீரலோடு சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்வது நுண்ணுயிரியல்தான்.

ஆகவே, அடிப்படைப் பாடங்களின் 100 மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. தேர்ச்சி மதிப்பெண்ணையும் இறக்கக் கூடாது. கருணை என்ற பெயரில் அதைக் கேட்பவர்களுக்கு என் ஆதரவு கிடையாது. தேறியவுடன் இந்தப் பிள்ளைகள் சிஆர்ஆர்ஐ எனப்படும் ஓராண்டு கட்டாய உள்ளுறைப் பயிற்சிக்கு வருவது நம் மருத்துவமனைகளுக்கு. அதற்குப் பிறகு அவர்கள் கிளினிக் வைப்பதும் பம்மலிலும் நாகல்கேணியிலும்தான். அங்கே வரிசையில் உட்காரப் போவது நாம்.

ஆனால், கண்டிப்பான தேர்வு நேர்மையாகவும் இருக்க வேண்டும். எஃப்எம்ஜிஇ வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் தேர்வு வாரியம் வெளியிடுவதில்லை. கேள்விகளை வெளியே பகிர்வதற்கும் தடை. இந்த மறைப்பால் லாபம் யாருக்கு? வெளியே வந்த மாணவர்களின் நினைவிலிருந்து கேள்விகளைத் திரட்டி, பாதி பிழையோடு விற்பவர்களுக்கு. தேர்வுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டி 142 மதிப்பெண்ணில் தோற்ற ஒருவர், எந்தப் பாடத்தில் விழுந்தோம் என்று அறியாமலேயே மறுபடி எல்லாப் பாடங்களையும் முதலிலிருந்து தொடங்குகிறார். அமெரிக்காவின் யுஎஸ்எம்எல்இ முதல் படித் தேர்வு முழுக்க முழுக்க அடிப்படை அறிவியலை மையமாகக் கொண்டது. அங்கேயும் கேள்விகளைப் பாதுகாக்கிறார்கள். ஆனாலும் மாதிரிக் கேள்விகளை இலவசமாகத் தருகிறார்கள். தோற்றவருக்கு எந்தெந்தப் பகுதியில் பலவீனம் என்று காட்டும் அறிக்கையும் கொடுக்கிறார்கள். 2022 ஜனவரி முதல் அந்தத் தேர்வில் மதிப்பெண்ணையே எடுத்துவிட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் அறிவிக்கிறார்கள். அடிப்படை அறிவியலில் யார் எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்ற ஓட்டப்பந்தயத்தைத் தணிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நம் வாரியம் இதில் பாதியையாவது செய்யலாம். பாடவாரி மதிப்பெண்ணை மாணவருக்குத் தருவதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

நெக்ஸ்ட் தேர்வு வந்தால் எல்லாம் மாறும் என்று சிலர் சொல்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் உள்ளூர், வெளிநாடு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் அந்த ஒரே தேர்வை வைக்கச் சொல்கிறது. 2023 ஜூனில் விதிமுறை வந்தது. ஜூலையில் நடக்கவிருந்த மாதிரித் தேர்வு நிறுத்திவைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு அதை எதிர்த்தது. 2023இல் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதமே எழுதினார். மாநிலப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு மேல் இன்னொரு சுமை எதற்கு என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், இன்று மாடியறையில் உட்கார்ந்திருப்பவருக்கு எஃப்எம்ஜிஇ இருக்கிறது. நீட்டை எதிர்க்கும் அரசு, நீட் எழுதும் அரசுப் பள்ளி மாணவருக்கு இலவசப் பயிற்சியும் கொடுக்கிறதே. அந்த நிதானம் இங்கேயும் வேண்டும்.

குடிமைப் பணித் தேர்வு எழுதுபவர்களுக்கு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் ஊக்கத்தொகை தரும் மாநிலம் இது. முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். பாராட்டத்தக்க திட்டம். ஏற்கெனவே மருத்துவப் பட்டம் பெற்று, ஒரே ஒரு தேர்வுக்கு வெளியே நிற்கும் பல இளைஞர்களைத் தேர்ச்சிபெறச் செய்வது அதைவிடக் குறைந்த செலவில் முடியும். கட்டடம் புதிதாக வேண்டாம். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் இருக்கிறது. அதன் உடற்கூறியல் கூடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டித்தான் கிடக்கும். அங்கே வாரம் ஒரு நாள், எலும்பையும் உறுப்பையும் கையில் எடுத்துப் பார்க்கவிடுங்கள். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையிலும் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையிலும் ஒரு நோயாளியின் படுக்கையருகே நின்று, இவருக்கு ஏன் மூச்சிரைக்கிறது, இந்த மருந்து ஏன், இந்த அளவு ஏன் என்று உடலியங்கியலையும் மருந்தியலையும் பேசவிடுங்கள். 2019 முதல் நம் எம்பிபிஎஸ் பாடத்திட்டமே முதலாண்டு மாணவரை நோயாளியிடம் அழைத்துப்போகச் சொல்கிறது. உள்ளூர் மாணவருக்கு நல்லது என்று நாம் ஏற்றுக்கொண்ட முறை, திரும்பிவந்தவருக்கும் பொருந்தும்.

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காணொளியை மூன்றாவது முறை ஓடவிடாதீர்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மட்டும், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். படித்தது போலத் தோன்றும் மயக்கம் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே, மூடிவைத்துவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். சிறுநீரகத்தின் நெஃப்ரானை வரைந்து, எந்த இடத்தில் எந்த மருந்து வேலை செய்கிறது என்று குறியுங்கள். உடலியங்கியலும் மருந்தியலும் ஒரே தாளில் முடியும். மூன்று பேராகச் சேர்ந்து படியுங்கள், ஒருவருக்கொருவர் ‘ஏன்’ என்று கேளுங்கள். வீட்டில் இடமில்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது, கட்டணம் இல்லை. பெற்றோருக்கும் சொல்கிறேன்: இன்னொரு கடன் வாங்கிப் பெரிய பயிற்சி மையத்தில் சேர்ப்பதற்கு முன், பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். போன முறை தேறாததைச் சொந்தக்காரர்கள் முன்னால் பேசாதீர்கள்.

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த தேர்வுக்கு முன்பே செங்கல்பட்டிலும் குரோம்பேட்டையிலும் இந்த வகுப்புகளைத் தொடங்குங்கள். விண்ணப்பிக்கும் பட்டதாரிகள் அனைவரையும் கட்டணமின்றிச் சேருங்கள். பாடவாரி மதிப்பெண்ணை வெளியிடும்படி தேசியத் தேர்வு வாரியத்துக்கு எழுதுங்கள். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையே ஓய்வுபெற்ற மருத்துவப் பேராசிரியர்கள் பலர் குடியிருக்கிறோம். ஊதியம் எதுவும் வேண்டாம், அழைத்தால் வருவோம்.